ஷிப்ட் பட்டனை அஞ்சு தரம் அமத்தினால் என்ன நடக்கும்?

உங்கட லப்டொப்பில் ஷிப்ட் பட்டனைத் தொடர்ந்து அஞ்சு தரம் அமத்திப் பாருங்கோ. விண்டோஸ் என்றால் ஒரு சத்தம் வரும். 'ஸ்டிக்கி கீஸை இயக்கவா?' என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்து நிற்கும். கேம் விளையாடுற ஆக்களுக்கு இந்தப் பெட்டியை நல்லாத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கேக்க, சுட்டுக்கொண்டிருக்கேக்க குறுக்கால வந்து ஆளைச் சாகக் குடுத்திடும். ஏ.எல். படிக்கிற காலத்தில் நானும் திட்டித் திட்டி 'இல்லை'யை அமத்தியிருக்கிறன். இது எதுக்கு இருக்கு, ஆர் இதைக் கொண்டுவந்து உள்ளுக்கு வைச்சது என்று ஒருநாளும் யோசிச்சதில்லை.

யோசிக்க வைச்சது கம்பஸில் என்ட பட்ச்சில் படிக்கிற ஒரு நண்பன். அவனுக்குப் பார்வை இல்லை. முதலாம் வருசத்தில் ஒருநாள் கணினி லாபில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தன். அவன் அதுவரை தொட்டே பார்க்காத ஒரு மெசின். எதையாவது போட்டுக்குடுக்கவேணுமோ என்று நான் கேக்க வாயெடுக்க முதல், கீபோர்டில் மூன்று பட்டனைச் சேர்த்து அமத்தினான். கணினி கதைக்கத் தொடங்கிவிட்டது. கொன்ட்ரோல், விண்டோஸ், என்டர். அவ்வளவுதான்.

"இது முந்தியே உள்ளுக்கு இருக்கா?" என்று கேட்டன்.

"இருக்கு மச்சான். நீ திட்டுற அந்த ஷிப்ட் பெட்டியும் இதின்ட சொந்தக்காரன்தான்" என்றான்.

இந்தச் சொந்தக்காரர்கள் எங்கேயிருந்து வந்தார்கள் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. கொம்பனிகளின் நல்ல மனசைப் பற்றிய ஒரு கதை கிடைக்கும் என்று நினைச்சுத் தேடினன். கிடைச்சது வேறொரு கதை.

ஒரு மரப்பலகை

1971. அமெரிக்காவின் விஸ்கொன்சின்-மடிசன் பல்கலைக்கழகத்தில் கிரெக் வான்டர்ஹைடன் என்ற மாணவர் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். பெருமூளை வாதம் உள்ள 12 வயதுப் பையன் ஒருவனுக்கு ஏதாவது செய்து குடுக்க ஏலுமா என்று அவரிடம் கேட்கிறார்கள். அந்தப் பையனால் கதைக்க ஏலாது. கை நினைச்ச இடத்தில் நிற்காது. அவனிடம் இருந்தது எழுத்துகள் எழுதின ஒரு மரப்பலகை மட்டும்தான். அவன் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டவேண்டும், முன்னால் ஒருவர் இருந்து அதைக் கூட்டி வாசிக்கவேண்டும். வாசிக்க ஆள் இல்லாவிட்டால் அவனுக்கு வீட்டுப்பாடமும் இல்லை, பகிடியும் இல்லை, சண்டையும் இல்லை.

வான்டர்ஹைடனும் சக மாணவர்களும் சேர்ந்து அந்தப் பலகையை மின்னணுக் கருவியாக மாற்றினார்கள். 'ஓட்டோகொம்' என்று அதற்குப் பெயர். அதன் யோசனை எளிமையானது. கை தடுமாறி எத்தனை எழுத்துக்கு மேலால் போனாலும் பலகை அதைக் கணக்கில் எடுக்காது. ஓர் எழுத்தில் கொஞ்ச நேரம் தரித்து நின்றால் மட்டும், 'சரி, இதைத்தான் சொல்ல வருகிறான்' என்று எடுத்துக்கொள்ளும். கை நடுங்கக்கூடாது என்று அது பையனிடம் கேட்கவில்லை. நடுங்கும் என்பதை ஏற்றுக்கொண்டு கருவியைத்தான் மாற்றினார்கள். அந்த மாணவர் குழு பிறகு 'ட்ரேஸ்' என்ற ஆய்வு மையமாக வளர்ந்தது. ஷிப்ட் பட்டனின் கதை அங்கேயிருந்துதான் வருகிறது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றன். தொடங்கும்போது அவருக்கு ஏறத்தாழ எங்கட வயசு. பெரிய நிதியும் இல்லை, பட்டமும் இன்னும் முடியவில்லை.

பெட்டிக்குள் இருந்த சாவி

1977இல் அப்பிள் II வந்தது, 1981இல் ஐ.பி.எம். பி.சி. வந்தது. கணினி அலுவலகத்துக்குள்ளும் பாடசாலைக்குள்ளும் நுழைந்தது. அதுவரை மாற்றுத்திறனாளிகளுக்கு என்றால் தனிக் கருவி செய்து குடுப்பதுதான் வழக்கம். ஆனால் வேலையும் படிப்பும் சாதாரணக் கணினிக்குள் போய்விட்டால், தனிக் கருவி வைத்திருப்பவர் வெளியில்தான் நிற்கவேண்டிவரும். எல்லாரும் பாவிக்கிற அதே மெசினை, அதே மென்பொருளை, எல்லாரும் பாவிக்கக்கூடியதாக ஆக்கவேண்டும் என்ற பக்கம் ட்ரேஸ் மையம் திரும்பியது.

அவர்கள் செய்த வேலையை விளங்கிக்கொள்ள, இரண்டு கையையும் பத்து விரலையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கோ. உங்களுக்கு ஒரு கைதான் வேலை செய்கிறது. அல்லது வாயில் ஒரு குச்சியைப் பிடித்துத்தான் ரைப் பண்ணுகிறீர்கள். இப்போது கொன்ட்ரோல், ஓல்ட், டிலீற் மூன்றையும் ஒரே நேரத்தில் அமத்துங்கோ. ஏலாது. ஒரு குச்சியால் ஒரு நேரத்தில் ஒரு பட்டனைத்தான் அமத்தலாம். ஸ்டிக்கி கீஸ் செய்வது இதைத்தான்: முதல் பட்டனை அமத்தி விட்டால் அது 'ஒட்டிக்கொண்டு' நிற்கும், ஆறுதலாக அடுத்ததை அமத்தலாம்.

இதோடு சேர்ந்து இன்னும் பல வந்தன. கை நடுங்கித் தவறுதலாகப் படும் தட்டல்களைக் கணக்கில் எடுக்காமல் விடும் ஃபில்டர் கீஸ், அதாவது ஓட்டோகொம் பலகையின் அதே யோசனை. மவுஸைப் பிடிக்க ஏலாதவர்கள் எண் பட்டன்களால் அம்புக்குறியை நகர்த்த மவுஸ் கீஸ். கப்ஸ் லொக் விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஏலாதவருக்குச் சத்தம் போட்டுச் சொல்லும் டொகிள் கீஸ். செவிப்புலன் இல்லாதவருக்கு, கணினி சத்தம் போடும் நேரத்தில் திரையை மின்னவைத்துக் காட்டும் சவுண்ட் சென்ட்ரி.

சரி, ஏன் ஷிப்டை அஞ்சு தரம்? இந்த வசதியை இயக்க மெனுவுக்குள் போய், மவுஸைப் பிடித்து, நாலு பெட்டியைக் கிளிக் பண்ணவேண்டும் என்றால், அதைச் செய்யக்கூடிய ஆளுக்கு இந்த வசதி தேவையே இல்லை. சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டின மாதிரி. ஷிப்டை அஞ்சு தரம் அமத்த ஒரு விரல் போதும், ஒரு குச்சி போதும். ஆரையும் கூப்பிடத் தேவையில்லை. நாங்கள் திட்டித் திட்டி மூடுகிற பெட்டி, பூட்டுக்கு வெளியில் தொங்கவிட்ட சாவி.

அப்பிள் 1985இல் விசேட கல்விக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியது. அலன் பிரைட்மன் அதற்குப் பொறுப்பாக இருந்தார். 80களின் கடைசியில் மெக் கணினிகளோடு 'ஈஸி அக்சஸ்' என்ற பெயரில் ஸ்டிக்கி கீஸும் மவுஸ் கீஸும், திரையைப் பெருப்பித்துக் காட்டும் 'குளோஸ்வியூ'வும் வந்தன. பி.சி. பக்கத்தில் கதை கொஞ்சம் இழுபட்டது. டொஸுக்கு 'அக்சஸ் டொஸ்', விண்டோஸுக்கு 'அக்சஸ் பக்' என்று ட்ரேஸ் மையம் செய்து குடுத்தவை முதலில் தனி டிஸ்க்காகத்தான் கிடைத்தன. இலவசம்தான். ஆனால் அப்படி ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும், தேடி எடுக்கவேண்டும், நீங்கள் இருக்கப்போகும் ஒவ்வொரு கணினியிலும் அதை ஏற்றுவதற்கு ஆரிடமாவது அனுமதி கேட்கவேண்டும். லாபில் ஒரு சின்ன மென்பொருளை இன்ஸ்டோல் பண்ண எத்தனை பேரைக் கேட்கவேணும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

1995 ஓகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது இவை கொன்ட்ரோல் பனலுக்குள்ளேயே இருந்தன. கேட்கத் தேவையில்லாமல் போனது அன்றைக்குத்தான். 'உள்ளிணைந்த வசதி' என்பதன் முழுப் பெறுமதியும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறன்.

கட்டடத்தை விட்டுப் போகமாட்டோம்

கொம்பனிகளுக்கு ஏன் திடீரென்று இந்த அக்கறை? இதற்குக் கணினியை விட்டுவிட்டு 1977ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகவேண்டும்.

அமெரிக்காவில் 1973இல் புனர்வாழ்வுச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. அதன் 504ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்றது. சட்டம் தாளில் இருந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்து விழவில்லை. ஒன்றல்ல, நாலு வருசமாக விழவில்லை. 1977 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த மத்திய அரசின் அலுவலகக் கட்டடத்துக்குள் புகுந்து இருந்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கும் மேலாக அவர்கள் வெளியேறவில்லை. முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் ஜூடி ஹியூமன், போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்தவர். தொலைபேசித் தொடர்பைத் துண்டித்தபோது செவிப்புலனற்ற தோழர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியில் நின்றவர்களோடு கதைத்தார்கள். பிளக் பந்தர் கட்சியினர் சாப்பாடு கொண்டுவந்து குடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று கையெழுத்து விழுந்தது.

அதே சட்டத்தில் 1986இல் 508ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. மத்திய அரசு வாங்கும் மின்னணு அலுவலகக் கருவிகள் மாற்றுத்திறனாளிகளும் பாவிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். முதலில் அதற்குப் பல் இல்லை. 1998இல் திருத்தி, பல் வைத்தார்கள்: அணுகக்கூடியதாக இல்லாத தொழில்நுட்பத்தை மத்திய அரசு வாங்கக்கூடாது. அமெரிக்க மத்திய அரசு மாதிரி ஒரு வாடிக்கையாளரை எந்தக் கொம்பனியும் இழக்க விரும்பாது. இடையில் 1990இல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும் வந்துவிட்டது.

நல்ல மனம் உள்ள பொறியியலாளர்கள் கொம்பனிகளுக்குள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் மேலிடத்தில் போய்க் கதைக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தைக் குடுத்தவர்கள் அந்தக் கட்டடத்தில் தரையில் படுத்தவர்கள்.

படம் வந்தது, குரல் போனது

இதுவரை சொன்னது கைக்கும் காதுக்குமான வசதிகள். பார்வையின் கதை இதைவிடக் கஷ்டமானது. முன்னேற்றம் என்று எல்லாரும் கொண்டாடிய ஒன்று, சிலருக்குக் கதவை அடித்துச் சாத்தின கதை அது.

டொஸ் காலத்துத் திரையை யோசித்துப் பாருங்கோ. கறுப்புப் பின்னணி, 25 வரி, வரிக்கு 80 எழுத்து. திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்தும் கணினியின் நினைவகத்தில் எழுத்தாகவே இருந்தது. ஒரு மென்பொருள் அதை எடுத்துக் குரல் கருவிக்கு அனுப்பினால் கணினி வாசித்துக் காட்டும். இதைத்தான் திரைவாசிப்பான் என்கிறோம். ஐ.பி.எம்.மில் ஜிம் தச்சர் 80களில் இப்படி ஒன்றைச் செய்தார். மோட்டார்சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978இல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர், பிறகு கணினி படித்து, 1989இல் 'ஜோஸ்' என்ற திரைவாசிப்பானைக் கொண்டுவந்தார். பார்வையற்ற பலர் அலுவலகங்களில் கணினியோடு வேலை செய்தார்கள்.

பிறகு மவுஸும் ஐகொனும் விண்டோஸும் வந்தன. எங்களுக்கு அது இலகு. ஆனால் இந்தப் புதுத் திரையில் எழுத்து என்று ஒன்று இல்லை, புள்ளிகளால் வரைந்த படம்தான் இருந்தது. 'ஓகே' என்ற பட்டனும் படம், குப்பைத்தொட்டியும் படம். திரைவாசிப்பானுக்கு வாசிக்க ஒன்றுமில்லை. நேற்றுவரை கெட்டிக்காரராக வேலை செய்தவர், அலுவலகம் விண்டோஸுக்கு மாறிய அடுத்த நாள் வேலை தெரியாதவர் ஆனார்.

இதை உடைக்கப் பொறியியலாளர்கள் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். இயங்குதளம் திரையில் எதையாவது வரையப் போகும்போது இடையில் புகுந்து 'என்ன எழுதப்போகிறாய்?' என்று பார்த்து, திரையின் ஒரு நகலைத் தங்களிடம் வைத்துக்கொள்வது. மெக் கணினிக்கு 1989இல் வந்த 'அவுட்ஸ்போக்கன்' வரைகலைத் திரையை வாசித்த முதல் விற்பனை மென்பொருள். ஜோஸின் விண்டோஸ் பதிப்பு 1995இல்தான் வந்தது. ஆனால் ஒளிந்துநின்று பார்க்கிற மாதிரியான வேலை இது. இயங்குதளத்தில் ஒன்று மாறினால் எல்லாம் குழம்பும்.

அப்போது மசசூசெட்ஸ் மாநிலம் ஒரு வேலை செய்தது. தன் ஊழியர்களில் பார்வையற்றவர்கள் பாவிக்க ஏலாத விண்டோஸ் 95ஐ வாங்கமாட்டோம் என்று எச்சரித்தது. 1997இல் மைக்ரோசொப்ட் 'அக்டிவ் அக்சசிபிலிற்றி' என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. இனி ஒளிந்து பார்க்கத் தேவையில்லை, 'நான் ஒரு பட்டன், என் பெயர் ஓகே' என்று மென்பொருளே திரைவாசிப்பானுக்குச் சொல்லும். நல்லது என்று மூச்சு விடுவதற்குள் அதே வருசம் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4இல் முந்தைய பதிப்பில் இருந்த அணுகல் வசதிகள் காணாமல் போயிருந்தன. பார்வையற்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் அடுத்த திருத்தத்தில் அவற்றைத் திரும்பச் சேர்த்தார்கள். ஒருக்காக் கிடைத்தது என்பதற்காக அது எப்பவும் இருக்கும் என்று இல்லை.

2000ஆம் ஆண்டு விண்டோஸுக்குள்ளேயே ஒரு திரைவாசிப்பான் வந்தது. பெயர் நரேற்றர். லாபில் என்ட நண்பன் இயக்கியது இதன் பேரப்பிள்ளையைத்தான். ஆனால் முதல் நரேற்றர் சரியான பலவீனம். அன்றாட வேலைக்கு முழுமையான திரைவாசிப்பான் ஒன்று தேவைப்படும் என்று மைக்ரோசொப்டே சொன்னது. அந்த 'முழுமையானது' ஆயிரம் டொலரை அண்டிய விலை. 2006இல் எங்கட காசுக்கு ஒரு லட்சம் ரூபா. கணினியின் விலையைவிடக் கூட, அதைப் பார்க்காமல் பாவிக்கும் உரிமையின் விலை.

கண்ணாடித் துண்டு கதைத்த கதை

மெக் பக்கத்தில் அவுட்ஸ்போக்கன் 2003இல் நின்றுபோனது. வெளியார் ஒருவர் விற்கும் பொருளில் தங்கியிருந்தால் இதுதான் நிலைமை. அவர் கடையைப் பூட்டினால் உங்கட கணினி ஊமையாகிவிடும். அப்பிள் 2005 ஏப்ரலில் வெளியிட்ட இயங்குதளத்துக்குள் 'வொய்ஸ் ஓவர்' என்ற முழுமையான திரைவாசிப்பானைத் தானே வைத்தது. தனிக் காசு இல்லை.

2007இல் ஐபோன் வந்தது. பட்டன்கள் இல்லாத வழுவழுப்பான கண்ணாடி. விரலால் தடவிப் பார்த்து நம்பரைக் கண்டுபிடிக்க ஒரு மேடு பள்ளம்கூட இல்லை. பார்வையற்றவர்களுக்கு இது இன்னொரு விண்டோஸ் அதிர்ச்சி. 2008இல் அதே மசசூசெட்ஸ் மாநிலத்தின் சட்டமா அதிபரும் அமெரிக்கப் பார்வையற்றோர் தேசிய சம்மேளனமும் ஐடியூன்ஸை அணுகக்கூடியதாக்க அப்பிளோடு உடன்படிக்கை செய்தார்கள். 2009 ஜூனில் ஐபோன் 3ஜிஎஸ் வொய்ஸ் ஓவரோடு வந்தது. விரலை வைத்தால் என்ன இருக்கிறது என்று சொல்லும், இரண்டு தரம் தட்டினால் திறக்கும். அதே வருசம் அன்ட்ரொயிட்டுக்கு 'டோக்பக்' வந்தது. அதை உருவாக்கிய கூகுள் குழுவில் இருந்த ரி. வி. ராமன், 14 வயதில் பார்வையை இழந்தவர். அவர் இந்தியாவில் பிறந்தவர்.

விலைக்குப் பதில் சொன்னவர்கள் அவுஸ்திரேலியாவில் இருந்தார்கள். 2006இல் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், பல்கலைக்கழகப் படிப்பின் இடையில், விண்டோஸுக்கு ஓர் இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் சந்தித்த நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். அவரும் பார்வையற்றவர். அதுதான் என்.வி.டி.ஏ. மூலநிரல் திறந்தது, ஆரும் மொழிபெயர்க்கலாம், தமிழிலும் இருக்கிறது. பெரிய கொம்பனிகள் முழுமையாகச் செய்யாமல் விட்ட இடத்தை இரண்டு பெடியங்கள் நிரப்பினார்கள். என்ட நண்பன் தன்ட சொந்த லப்டொப்பில் பாவிக்கிறது இதைத்தான்.

இந்த வசதிகளைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக ஒரு நியாயம் சொல்வார்கள்: 'இவை எல்லாருக்கும் பயன்படும்.' உண்மைதான். பஸ்ஸில் சத்தம் இல்லாமல் வீடியோ பார்க்க நாங்கள் போடும் எழுத்தும், இரவில் கண் கூசாமல் இருக்கத் திரையைக் கறுப்பாக்குவதும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஆனால் அந்த நியாயம் எனக்கு முழுசாப் பிடிக்கேல்ல. எனக்குப் பயன்படுவதால்தான் என்ட நண்பனுக்கு ஒரு வசதி இருக்கவேணுமா? அவனுக்குத் தேவை என்பதே போதாதா?

எம், கே, செமிகோலன்

இனி எங்கட இடத்துக்கு வருவம்.

சட்டம் எங்களிடமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போய், பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளைப் பின்பற்றவேண்டும் என்று உத்தரவு பெற்றார். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் உறுப்புரை கட்டடத்தோடு நிற்காமல், தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோருக்கு ஏதோவொரு செயற்பாட்டுக் கஷ்டம் இருக்கிறது. ஏறத்தாழ 16 லட்சம் பேர்.

மெசினும் இருக்கிறது, திரைவாசிப்பானும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. அப்ப எங்க பிழைக்குது?

இரண்டாம் வருசத்தில் ஒரு பாடத்துக்கு நான் நோட்ஸ் ரைப் பண்ணி வட்ஸ்அப் குறூப்பில் போட்டன். 40 பக்கத்துக்குக் கிட்ட. பட்ச் முழுக்க நன்றி சொன்னது. பின்னேரம் நண்பன் கூப்பிட்டு, இயர்போனின் ஒரு பக்கத்தை என்ட காதில் வைச்சான். ஏதோ வாயில் நுழையாத ஆங்கிலச் சத்தம். அம்புப் பட்டனால் எழுத்தெழுத்தாக நகர்த்திக் காட்டினான். "எம், கே, செமிகோலன், கே, எச்."

"இது என்ன தெரியுமா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியேல்ல.

"அம்மா."

நான் ரைப் பண்ணினது பாமினியில். பாமினி எழுத்துருவில் நாங்கள் எழுதுவது உண்மையில் ஆங்கில எழுத்துகளைத்தான். எம் என்ற எழுத்துக்கு 'அ' என்ற சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். கண் சட்டையைப் பார்க்கும். திரைவாசிப்பான் உள்ளே இருக்கும் ஆளைத்தான் பார்க்கும். யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது, விண்டோஸ் 2000 முதல் தமிழ் யூனிகோட் எழுத்துரு கணினியோடேயே வருகிறது. இருந்தும் எங்கட அலுவலகங்கள், அச்சகங்கள், வினாத்தாள்கள், நோட்ஸ் எத்தனை இன்னும் பாமினியில் இருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கோ. மற்றது போட்டோ. விரிவுரைக் குறிப்பைப் படம்பிடித்து அனுப்பினால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். டொஸிலிருந்து விண்டோஸுக்கு மாறியபோது மூடிய அதே கதவை, நாங்கள் தினமும் வட்ஸ்அப்பில் மூடிக்கொண்டிருக்கிறம்.

ஒரு பாடத்தின் வாசிப்புகள் முழுவதும் மங்கலான ஸ்கான் பிரதிகளாக வந்தபோது அவன் போய்க் கேட்டான். "ஆரும் நண்பர்களிட்ட வாசிச்சுக் காட்டச் சொல்லும் தம்பி" என்று பதில் வந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்ன பதில் இல்லை, அன்பாத்தான் சொன்னார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், 1971இல் மரப்பலகைக்கு முன்னால் ஆள் இருந்து வாசிக்கவேண்டியிருந்த அந்தப் பையனிடம் அவனைத் திருப்பி அனுப்பின பதில் அது. இடையில் நடந்த 50 வருசச் சண்டைக்கும் அதில் ஒரு மதிப்பும் இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? 40 பக்கம் பாமினியில் அடிச்சது நான்தானே.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. யூனிகோடில் ரைப் பண்ணுங்கோ. பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கு. போட்டோ அனுப்பினால் கீழே என்ன இருக்கு என்று இரண்டு வரி எழுதுங்கோ. தலைப்பைப் பெருசாக்கி, தடிப்பாக்கி மட்டும் விடாமல், வேர்ட்டில் 'ஹெடிங்' என்று தெரிவு செய்யுங்கோ. திரைவாசிப்பான் அதைப் பிடித்துத்தான் பக்கம் பக்கமாகத் தாவும். ஒன்றியங்கள், கழகங்கள் நடத்துற ஆக்கள் உங்கட அறிவித்தல்களையும் ஒருக்கா இப்படிப் பாருங்கோ.

நான் அந்த 40 பக்கத்தையும் யூனிகோடுக்கு மாத்தினன். மாத்தும்போது கொம்பு, கால் எல்லாம் இடம்மாறிக் கிடந்ததைச் சரிபார்க்க இரண்டு இரவு போச்சு. அனுப்பி அரை மணித்தியாலத்தில் அவனிட்ட இருந்து போன் வந்தது. நன்றி சொல்லப்போறான் என்று நினைச்சன்.

"மச்சான், நோட்ஸ் நல்லாயிருக்கு. ஆனா உன்ட எழுத்துப்பிழை எல்லாம் எனக்கு நல்லாக் கேக்குது."